ஸ்கேன் அடித்ததும் சத்தம் வர வேண்டும்: டெஸ்க்டாப் சாஃப்ட்வேரில் சின்ன ஒலிக்கு எதைப் போடலாம்?

திருப்பூர், பல்லடம், ஈரோடு, கரூர் பக்கம் பனியன் கம்பெனிக்கும் எடை மேடைக்கும் மொத்தக் கடைக்கும் பைத்தானில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "பீஸ் ஸ்கேன் ஆனா ஒரு சத்தம், தப்பான சைஸ் வந்தா வேற சத்தம், அவ்வளவுதானுங்க வேணும், இதுக்குப் போய் எதைப் போடறதுன்னே தெரியலைங்க" என்பதுதான் கேள்வி. தேடினால் வின்சவுண்ட், பிளேசவுண்ட், பைகேம், கியூட்டி என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எல்லாமே சத்தம் போடும். எது உங்கள் இடத்துக்கு ஒத்துவரும் என்பதுதான் விஷயம்.

பேக்கிங் மேசையில் நிற்கிற அக்காவின் கண் பீஸ் மேலும் கார்ட்டன் பெட்டி மேலும் இருக்கும், திரை மேல் இருக்காது. எஸ், எம், எல் இந்தக் கணக்கில் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும் என்று இருக்கும்போது, ஒரு பீஸ் மாறிப் போனால் அதை அந்த நொடியே சொல்ல ஒலியைத் தவிர வேறு வழியில்லை. அதனால் கடைசியில் ஒட்ட வைக்கிற அலங்காரமாக இதை நினைக்காதீர்கள். அந்த மேசையில் ஒலிதான் திரை.

எதை வைத்து அளப்பது

முதலில் தாமதம். ஸ்கேன் ஆனதிலிருந்து ஒலி காதில் விழும் வரை 100 மில்லிநொடிக்குள் இருந்தால் கைக்கும் காதுக்கும் தொடர்பு அறாது. அதைத் தாண்டிப் போகப் போக, அக்கா அடுத்த பீஸை எடுத்திருப்பார், ஒலித்தது முந்தினதுக்கா இப்போதையதுக்கா என்று தெரியாது.

இரண்டாவது, திரை உறைகிறதா என்பது. ஜன்னலும் பட்டனும் செய்ய உதவுகிற டிகின்டர் ஆனாலும் கியூட்டி ஆனாலும், ஒரே ஒரு முதன்மை த்ரெட்தான் (நிரலுக்குள் ஓடுகிற ஒரு வேலைத் தொடர்) பட்டன், எழுத்து, படம் எல்லாவற்றையும் கவனிக்கிறது. ஒலி முடியும் வரை அது காத்திருந்தால் அந்த நேரம் முழுக்க ஜன்னல் செத்த மாதிரி கிடக்கும். ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டருக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான்: எண்களைத் தட்டி என்டரும் தட்டிவிடும். உறைந்திருக்கும் நேரத்தில் வந்த எழுத்துகள் வரிசையில் நின்று, பிறகு மொத்தமாக உள்ளே விழும். இதோடு பிழைக்கு ஒரு மெசேஜ் பாக்ஸும் வைத்திருந்தால், அடுத்த ஸ்கேனின் என்டர் அந்தப் பெட்டியை மூடிவிடும், யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். பிழைக்கு மெசேஜ் பாக்ஸ் வேண்டாம், ஒலியும் திரை முழுக்கச் சிவப்பும் போதும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, ஒரு ஒலி ஓடும்போதே இன்னொன்று வந்தால் என்ன ஆகும்? நான்காவது, எந்த வகைக் கோப்பு, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க முடியுமா? ஐந்தாவது, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் நிறுவ முடியுமா, சாஃப்ட்வேரை விற்கிறீர்கள் என்றால் உரிமம் இடிக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லாரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு முடிவை அதுதான் எடுத்துத் தருகிறது.

அவசரமாகப் பார்க்க ஒரு அட்டவணை, விவரம் கீழே. கியூசவுண்ட்எஃபெக்ட், கியூமீடியாபிளேயர் இரண்டும் கியூட்டிக்குள் இருப்பவை; வேவ், ஆக், எம்பி3 எல்லாம் ஒலிக் கோப்பு வகைகள்:

| வழி | தாமதம் | திரை உறையுமா | ஒன்றின் மேல் ஒன்று | கோப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| வின்சவுண்ட் | குறைவு | அசிங்க் கொடி (பின்னணியில் ஓட்டு என்கிற அமைப்பு) போட்டால் உறையாது | முடியாது, புதியது பழையதை வெட்டும் | வேவ் மட்டும் | விண்டோஸ் மட்டும், ஒலி அளவு கட்டுப்பாடு இல்லை |
| கியூசவுண்ட்எஃபெக்ட் | குறைவு | உறையாது | முடியும், ஒலிக்கு ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) | சுருக்காத வேவ் | கியூட்டி இல்லாத இடத்தில் பெரும் சுமை |
| கியூமீடியாபிளேயர் | முதல் முறை கூடுதல் | உறையாது | பிளேயருக்கு ஒன்று | எம்பி3 உட்படப் பல | சின்ன ஒலிக்கு அதிகப்படி |
| பைகேம் மிக்சர் | குறைவு, பஃபரைப் பொறுத்தது | உறையாது | முடியும், இயல்பில் 8 சேனல் | வேவ், ஆக் | ஒரு நூலகம் (லைப்ரரி) கூடுதல், ஒலிக் கருவி இல்லாவிட்டால் பிழை |
| பிளேசவுண்ட் | நிலையில்லை | இயல்பில் உறையும் | நம்ப முடியாது | பல | பராமரிப்பு இல்லை |

வின்சவுண்ட்

பைத்தானோடு கூடவே வருவது, விண்டோஸில் மட்டும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நம் பக்கத்து ஷெட், குடோன், கடைகளில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ்தான் என்பதால் டிகின்டரில் எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிளேசவுண்ட் என்ற பெயரில் இதற்குள் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது (கீழே வருகிற லைப்ரரி வேறு, பெயர்தான் ஒன்று). அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுத்து, அசிங்க் கொடியும் சேர்த்தால் ஒலி பின்னணியில் ஓடும், ஜன்னல் உறையாது. அந்தக் கொடியை விட்டுவிட்டால் ஒலி முடியும் வரை எல்லாம் நிற்கும். அப்புறம் நோடிஃபால்ட் கொடியையும் மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால், கோப்பு கிடைக்காதபோது விண்டோஸ் தன் வழக்கமான 'டிங்' ஒலியைப் போட்டுவிடும், சோதிக்கிறவர் "சத்தம் வருதே, சரியாத்தான் இருக்கு" என்று போய்விடுவார்.

ஒரு புது ஒலி ஆரம்பித்தால் ஓடிக்கொண்டிருந்தது வெட்டுப்படும். ஸ்கேன் மேசைக்கு இது குறையே இல்லை, நல்லதுதான் என்பேன்: கடைசி பீஸுக்கான பதில்தான் காதில் விழ வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பிழை ஒலி நீளமாக இருந்து, அது முடிவதற்குள் அடுத்த பீஸ் 'சரி' ஆகிவிட்டால், பிழை ஒலி பாதியில் காணாமல் போகும். இதற்கு வழி, பிழை வந்தால் அதை ஒப்புக்கொள்ளும் ஒரு பார்கோடை ஸ்கேன் செய்யும் வரை அடுத்த பீஸை ஏற்காமல் இருப்பது. மேசையிலேயே அந்தப் பார்கோடை அச்சடித்து ஒட்டிவிடலாம்.

ஒலி அளவைச் சாஃப்ட்வேரிலிருந்து மாற்ற முடியாது. கோப்பிலேயே சத்தமாகவும் மெதுவாகவும் இரண்டு மூன்று பதிப்பு செய்து வைத்துக்கொள்வதுதான் வழி. கோப்பை நினைவகத்தில் ஏற்றி வைத்து அங்கிருந்து ஒலிக்கவும் முடியும், ஆனால் அதை அசிங்க் கொடியோடு சேர்த்தால் பைத்தான் பிழை கொடுக்கும். நினைவகத்திலிருந்து ஒலிக்க வேண்டுமானால் தனி த்ரெட் போட வேண்டும்.

இதிலேயே இருக்கிற பீப் என்ற ஃபங்ஷனைப் பலரும் முதலில் எடுக்கிறார்கள், 37 முதல் 32767 ஹெர்ட்ஸ் வரை எண்ணும் எத்தனை மில்லிநொடி என்பதும் கொடுத்தால் போதும், கோப்பே வேண்டாம். ஆனால் அது முடியும் வரை நிறுத்தி வைக்கும், அசிங்க் கிடையாது. சோதனைக்குச் சரி, வேலைக்கு வேண்டாம். அதைவிட பைத்தானின் வேவ் மாட்யூலை வைத்து நீங்களே ஒரு கோப்பை எழுதிக்கொள்ளலாம்: 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு நொடிக்கு 88,200 பைட், கால் நொடி ஒலி சுமார் 22 கேபிதான். இவ்வளவு சின்னதை எம்பி3 ஆக்கி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. எம்பி3 ஆக்கினால் முன்னால் கொஞ்சம் வெற்று இடமும் சேர்ந்துகொள்ளும், அதுவும் தாமதம்தான்.

விபி டாட்நெட், சி ஷார்ப்பில் எழுதுகிறவர்களுக்கு சவுண்ட்பிளேயர் இதே குணம்தான்: வேவ் மட்டும், பிளே என்றால் பின்னணியில் ஓடும், பிளேசிங்க் என்றால் நிறுத்தி வைக்கும்.

கியூசவுண்ட்எஃபெக்ட்

உங்கள் சாஃப்ட்வேர் ஏற்கெனவே கியூட்டியில் இருந்தால் வேறு எங்கும் போக வேண்டாம். சின்ன ஒலிக்காகவே செய்யப்பட்டது, சுருக்காத வேவ் கோப்பை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும், ஒலி அளவை 0.0 முதல் 1.0 வரை மாற்றலாம், எத்தனை முறை திரும்ப ஒலிக்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அந்தப் பொருளை ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக உருவாக்கி பிளே சொன்னால் சத்தமே வராது. ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடும். ஜன்னல் திறக்கும்போதே உருவாக்கி, ஜன்னலின் பண்பாகப் பிடித்து வையுங்கள். "எந்தப் பிழையும் காட்டலைங்க, ஆனா சத்தம் இல்லைங்க" என்று வருகிற கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இரண்டு, கோப்பு ஏறுவது பின்னணியில் நடக்கிறது, உருவாக்கின அடுத்த வரியிலேயே ஒலிக்கச் சொல்லி அதை வைத்து தாமதத்தை அளக்காதீர்கள்.

பழைய பாடங்களில் கியூசவுண்ட் என்று ஒன்று வரும். கியூட்டி 6-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதைப் பார்த்து எழுத வேண்டாம்.

மறைந்த செலவு இரண்டு. கியூட்டி 6 விண்டோஸ் 7-இல் ஓடாது, விண்டோஸ் 10 வேண்டும். விசைத்தறி ஷெட்டில் மூலையில் தூசி படிந்து இருக்கிற கம்ப்யூட்டர் எது என்று முதலில் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் கியூட்டி 5-ம் பைத்தான் 3.8-ம்தான் கதி, 3.9-லிருந்து பைத்தானே அங்கே கிடையாது. அடுத்தது உரிமம். கியூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த பைக்யூட்டி, பைசைடு என்று இரண்டு நூலகம்: பைக்யூட்டிக்கு ஜிபிஎல் (விற்றால் மூலத்தையும் கொடுக்கச் சொல்கிற உரிமம்) அல்லது காசு கொடுத்து வாங்குகிற உரிமம், பைசைடுக்கு எல்ஜிபிஎல் (உங்கள் மூலத்தைக் கொடுக்காமல் விற்க இடம் தருவது). மூலத்தைக் கொடுக்காமல் கம்பெனிகளுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே பைசைடில் எழுதுங்கள், பாதியில் மாற்றுவது வீண் அலைச்சல்.

பைகேம் மிக்சர்

விளையாட்டுக்கான நூலகத்தைப் பில்லிங் சாஃப்ட்வேரில் போடலாமா என்று சிலருக்குத் தயக்கம். தாராளமாகப் போடலாம். பைகேம் முழுவதையும் துவக்க வேண்டியதில்லை, மிக்சரை மட்டும் துவக்கினால் போதும், டிகின்டரோடு சண்டை வராது. ஒலிகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், இயல்பில் 8 சேனல் இருப்பதால் ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்று கேட்கும், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி அளவு வைக்கலாம், லினக்ஸிலும் மேக்கிலும் அதே நிரல் ஓடும்.

தாமதம் பஃபரைப் பொறுத்தது, அதாவது ஒலியை வெளியே விடும் முன் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கிற மாதிரிகளின் எண்ணிக்கையை. பைகேம் 2-இல் இயல்பான பஃபர் 512, மாதிரி வேகம் 44,100, வகுத்தால் சுமார் 12 மில்லிநொடி. அதற்கு முன் இருந்த பதிப்பில் 4096-ம் 22,050-ம், அதாவது 186 மில்லிநொடி. "பைகேம்னா லேட் ஆகுமுங்க" என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்து வந்தது. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் துவக்கும்போதே பஃபரைக் குறைத்துக் கொடுங்கள். ரொம்பவும் குறைத்தால் பழைய கம்ப்யூட்டரில் கரகரப்பு வரும்.

கம்ப்யூட்டரில் ஒலிக் கருவியே இல்லை என்றால் மிக்சர் துவங்கும்போதே பிழை வரும், அதைப் பிடிக்காவிட்டால் சாஃப்ட்வேரே திறக்காது. ஒலி முடிந்ததும் சொல்லச் சொல்லலாம் என்றாலும் அந்தச் செய்தி பைகேமின் சொந்த வரிசைக்குப் போகும், டிகின்டருக்கு வராது. அதனால் இன்னும் ஓடுகிறதா என்று டிகின்டரின் ஆஃப்டர் (கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை அழைப்பது) வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல இயந்திரங்களின் எச்சரிக்கை ஒரே நேரத்தில் வரலாம் என்கிற இடம், லினக்ஸும் விண்டோஸும் கலந்து இருக்கிற இடம், ஒலி அளவைப் பயனர் மாற்ற வேண்டிய இடம், இந்த மூன்றுக்கும் கியூட்டி இல்லாதபோது இதுதான்.

பிளேசவுண்ட், வெளியே ஒரு பிளேயரை அழைப்பது

ஒரே வரியில் வேலை முடிகிறது என்பதால் பிளேசவுண்டைக் காட்டுகிற காணொளிகள் ஏராளம். 1.3.0 பதிப்பு 2021-இல் வந்தது, அதற்குப் பிறகு பராமரிப்பு இல்லை. இயல்பில் ஒலி முடியும் வரை நிறுத்தி வைக்கும். வாடிக்கையாளர் இடத்தில் பல வருடம் ஓட வேண்டிய சாஃப்ட்வேரில் இதைப் போட வேண்டாம். வெளி பிளேயரை ஒவ்வொரு முறையும் திறந்து ஒலிக்க வைப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு புது ப்ராசஸ் என்பது பழைய கம்ப்யூட்டருக்குத் தாங்காது.

டோக்கன் அழைப்பு: இது வேறு வேலை

மருத்துவமனை, கூட்டுறவு சொசைட்டி, மஞ்சள் மண்டிக்கு வருகிற வண்டி வரிசை மாதிரி இடங்களில் "டோக்கன் எண் நாற்பத்து மூன்று, கவுண்டர் இரண்டு" என்று தமிழில் அழைக்கச் சொல்கிறார்கள். இங்கே தாமதம் பெரிய விஷயமில்லை, அரை நொடி தள்ளி வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றை ஒன்று வெட்டாமல் வரிசையாக வருவதும், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாததும்தான் இங்கே முக்கியம்.

கியூட்டி 5-இல் கியூமீடியாபிளேயருக்கு ஒரு பட்டியல் வகுப்பு இருந்தது, அதில் அடுக்கினால் வரிசையாக ஓடும். கியூட்டி 6-இல் அதை எடுத்துவிட்டார்கள், ஒன்று முடிந்த சைகை வந்ததும் அடுத்ததை நீங்களே கொடுக்க வேண்டும், ஒலி வெளியீட்டுப் பொருளையும் தனியாக இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் சத்தம் வராது. துண்டுகளுக்கு நடுவே தடுக்கலும் கேட்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி வேறு. தனி த்ரெட் ஒன்று, அதற்கு ஒரு வரிசை. டோக்கன் வந்ததும் தேவையான வேவ் துண்டுகளை வேவ் மாட்யூலால் ஒட்டி ஒரே ஒலியாக்கி, அந்த த்ரெட்டில் வின்சவுண்டிடம் நினைவகத்திலிருந்து கொடுத்துவிடுவது. நிறுத்தி வைத்து ஒலிக்கும் குணம் இங்கே அப்படியே உதவிக்கு வருகிறது: ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்த டோக்கன் வெளியே வரும், திரையும் உறையாது. எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி வேகத்திலும் ஒரே பிட்டிலும் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

பதிவு செய்யும்போது 1 முதல் 99 வரை ஒவ்வொரு எண்ணையும் முழுதாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'நாற்பது', 'மூன்று' என்று தனித்தனியாக வைத்து ஒட்டினால் 'நாற்பத்து மூன்று' வராது, கேட்கிறவருக்கு அந்நியமாக இருக்கும். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 22,050 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் ஒன்றரை நொடி வீதம் 99 கோப்பும் ஏழு எம்பிக்குள் அடங்கும். ஊர்க்காரர் ஒருவரின் குரலையே பதிவு செய்தால் வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஒலியைத் தேர்ந்தெடுப்பது

எந்த நூலகம் என்பதற்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். ஸ்கேனரே ஒரு 'பீப்' போடும். பார்கோடை படித்துவிட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம், சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டது என்று அல்ல. உங்கள் 'சரி' ஒலியும் அதே மாதிரி இருந்தால், சாஃப்ட்வேர் மறுத்த பீஸையும் ஸ்கேனரின் பீப்பைக் கேட்டு அக்கா பெட்டிக்குள் போட்டுவிடுவார். பெரும்பாலான ஸ்கேனர்களில் கையேட்டில் இருக்கிற ஒரு பார்கோடை ஸ்கேன் செய்தால் அதன் பீப் அணைந்துவிடும். முடிந்தால் அணைத்துவிட்டு, எல்லா ஒலியையும் சாஃப்ட்வேரே தரட்டும்.

'சரி'க்குக் குட்டையாக ஒரே தட்டு, பிழைக்குத் தாழ்ந்த சுரத்தில் இரண்டு நீள ஒலி. சுரத்தை மட்டும் மாற்றினால் போதாது, தாளமும் மாற வேண்டும், ஏனென்றால் தறிச் சத்தத்துக்கு நடுவே சுரம் பிரிந்து கேட்காது. வருடக்கணக்காகத் தறியோடு இருந்தவர்களுக்கு உயர்ந்த ஒலி கேட்பது குறைந்திருக்கும், அதனால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகாமல் 1,000-லிருந்து 2,000-க்குள் நில்லுங்கள். தறி ஓடுகிற நேரத்தில் போய்ச் சோதியுங்கள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லா ஒலியும் நன்றாகத்தான் கேட்கும்.

அங்கே போய் மாட்டுவதற்கு முன்

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதற்கென்றே 100 மில்லிநொடிக்கு மேல் போய்விடும், அதோடு சத்தமில்லாத நேரத்தில் தூங்கிப்போய், எழும்போது முதல் கால் நொடியை விழுங்கிவிடும். உங்கள் ஒலியே கால் நொடிதான். எச்டிஎம்ஐ மானிட்டர் ஸ்பீக்கரிலும் சில நேரம் இந்தத் தூக்கம் உண்டு. கம்பி வைத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மேசைக்கு அடியில் மாட்டச் சொல்லுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் சர்வரில் சாஃப்ட்வேர் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒலி மேசைக்கு வருவது ரிமோட் இணைப்பின் ஆடியோ அமைப்பைப் பொறுத்தது, தாமதம் உங்கள் கையில் இல்லை. அங்கே எந்த நூலகமும் காப்பாற்றாது, ஸ்கேன் பகுதியை மட்டும் மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஓட விடுவதுதான் வழி.

பைத்தான் நிரலை நேரடியாக ஓடுகிற கோப்பாக்கித் தரும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டினால் ஒலிக் கோப்புகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும், அவை ஓடும்போது ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரியும், பாதையை அங்கிருந்து எடுக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒலித்து, அங்கே ஒலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், எந்த வழியை எடுத்தாலும் ஒலிக்கிற வரியை ட்ரை எக்செப்டுக்குள் (பிழை வந்தாலும் நிரல் நிற்காமல் பிடித்துக்கொள்கிற அமைப்பு) வையுங்கள். ஸ்பீக்கர் கம்பி பிடுங்கிப் போயிருந்தால் பேக்கிங் நிற்கக் கூடாது, திரையின் பச்சையும் சிவப்பும் அந்த ஷிப்ட்டை ஓட்டிவிடும்.